பின்கரை விளக்குகள்

எங்கள் ஊரைத் தீவு என்று யாரும் சொன்னதில்லை. கரடு என்றுதான் சொல்வார்கள். பென்னாகரம் பக்கம், மேட்டூர் அணைத் தண்ணீர் ஏறி நிற்கும் இடத்தில் அந்தக் கரட்டின் தலை மட்டும் வெளியே தெரியும். அதன்மேல் சில வீடுகள், தகரக் கூரை போட்ட ஒரு மாதா கோயில், கோயிலை ஒட்டிக் கல்லறை. அணை கட்டியபோது நிலத்தை இழந்தவர்கள் மேடு பார்த்து ஏறினார்கள். தண்ணீரும் விடாமல் பின்னாலேயே வந்து நாலு பக்கமும் உட்கார்ந்துகொண்டது. எங்களைச் சேலத்திலிருந்து பிரித்துத் தர்மபுரி மாவட்டத்தில் சேர்த்துவிட்டார்கள் என்ற செய்திகூடப் பரிசலில்தான் வந்தது. வந்து என்ன? அன்றைக்கும் களிதான், மீன் குழம்புதான்.

பங்குச் சாமியார் மாதம் ஒரு முறை பரிசலில் வந்து பூசை வைப்பார். மற்ற நாட்களில் எங்களுக்குப் பாப்பரசரும் போலீசும் உபதேசியார்தான். பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லித் தருவது, தொங்கவிட்ட தண்டவாளத் துண்டைத் தட்டி மணியடிப்பது, சாவு வீட்டில் செபம் சொல்வது எல்லாம் அவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் விதி என்று ஒன்று இருந்தால் அதைவிட்டு ஓர் அங்குலம் நகர மாட்டார். எனக்கு அவரைக் கண்டாலே ஆகாது.

காரணம் என் அண்ணன். எனக்கு முன்னால் பிறந்து அன்றைக்கே போனவன். மருத்துவச்சி வெந்நீர் எடுக்க வெளியே போன நேரத்தில் பிறந்துவிட்டான். அம்மா தனியாக இருந்தாள். பிள்ளையின் வாய் அசைந்ததைப் பார்த்தேன் என்பாள். பக்கத்தில் இருந்த சொம்புத் தண்ணீரை அவன் தலையில் ஊற்றி, சின்ன வயதில் படித்த வார்த்தைகளைச் சொல்லி, ஆபத்து ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். மருத்துவச்சி திரும்பி வந்தபோது பிள்ளை அசைவில்லாமல் கிடந்தது. “செத்துப் பொறந்துருக்குதுங்க” என்று அவள் வெளியே வந்து சொன்னாள். உபதேசியார் அதையே பிடித்துக்கொண்டார். உயிரில்லாத உடம்புக்குக் கொடுத்த ஞானஸ்நானம் செல்லாது. ஞானஸ்நானம் இல்லையென்றால் கல்லறையில் இடமும் இல்லை.

அப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பின்கரை. கரட்டின் மேற்குச் சரிவை அப்படிச் சொல்வோம். பொழுது சாயும் நேரத்தில் தகப்பன் தனியாகக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வருவான். இடம் எது என்று பெற்றவளுக்குச் சொல்லக் கூடாது. தண்ணீர் ஏறினால் அந்த இடம் முழுகிவிடும், இறங்கினால் வண்டல் மூடிக் கிடக்கும். அம்மாவுக்கு இடம்கூடப் பெரிதில்லை. அவன் உயிரோடு பிறந்தானா என்பதுதான் அவளுக்குத் தெரிய வேண்டும். பிறந்திருந்தால் மோட்சத்தில் இருக்கிறான். இல்லையென்றால் வெளிச்சமே எட்டாத ஏதோ ஓர் இடத்தில், என்றென்றைக்கும். வலியில் அவளுக்குக் காது அடைத்துப் போயிருந்தது. வாய் அசைந்தது தெரியும், அழுதானா என்பது தெரியாது. அந்த ஒரு சந்தேகம் அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

பின்கரைக்கு யாரும் போவதில்லை. அங்கே வலை போட மாட்டார்கள். ஆடு அந்தப் பக்கம் இறங்கிவிட்டால், தானாக ஏறி வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுவார்கள். செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும் ஆத்துமாக்கள் திருநாளன்று சாயங்காலம் அங்கே தண்ணீர்மேல் விளக்கு நடமாடுவதைக் கண்ணால் பார்த்ததாகப் பரிசல்காரர்கள் சத்தியம் செய்வார்கள். “அந்தப் புள்ளைங்கதான். கையில வெளக்கப் புடிச்சிக்கினு ஆத்தாளத் தேடி வருதுங்க” என்பார்கள். பேய்களுக்குத் திருச்சபையின் நாட்காட்டி எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்கிற தைரியம் எனக்கும் இல்லை, பயந்து செத்தேன்.

அந்த விளக்குகளில் ஒன்று எங்கள் வீட்டிலிருந்துதான் போகிறது என்பது எனக்குப் பத்து வயது இருக்கும்போது தெரிந்தது. அம்மாவுக்கு அப்போது மாலைக்கண் வந்துவிட்டது. தனியாகப் பாறையில் இறங்க முடியாமல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கல்லறையில் எல்லோரும் மெழுகுவத்தி ஏற்றி வீட்டுக்குத் திரும்பிய பிறகு, எரிந்து மிஞ்சிய ஒரு துண்டை மடியில் கட்டிக்கொண்டாள். அப்பாவின் வலைக்கு மிதவையாகக் கட்டும் காய்ந்த சுரைக்காயில் ஒன்றைப் பாதியாக அறுத்து வைத்திருந்தாள்.

“ஒங்கப்பனுக்குத் தெரியக் கூடாது, ஆமா.”

பின்கரையில் காற்றே இல்லை. சேற்று நாற்றம். முழுகிப்போன ஊரின் பனைமரங்கள் தலையில்லாமல் தண்ணீருக்குள் நின்றன. அம்மா சுரைக் குடுக்கைக்குள் மெழுகுவத்தியை நிறுத்தி, ஏற்றி, மெதுவாகத் தள்ளிவிட்டாள். அது கொஞ்ச தூரம் போய்ச் சுழலில் நின்றது. நாங்கள் காத்திருந்தோம். எதற்கு என்று அவள் சொல்லவில்லை.

கரையிலிருந்து தண்ணீருக்குள் ஓடும் நீளமான பாறைக்கு அந்தப் பக்கமிருந்து இன்னொரு வெளிச்சம் வந்தது. தண்ணீரை ஒட்டி, நடுங்கிக்கொண்டு, நேராக எங்கள் விளக்கை நோக்கி. எனக்கு உடம்பெல்லாம் மயிர் நட்டுக்கொண்டது. அம்மா அதை விரலால் காட்டினாள்.

“தெரியுதா? வெளிச்சம் தெரியுதா? ஒங்கண்ணன்டி. நா ஒண்ணு வுட்டா அவன் ஒண்ணு அனுப்புவான், வருசம் தவறாம. செத்துப் பொறந்த புள்ள வெளக்கு அனுப்புமா?”

இரண்டு விளக்கும் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. அம்மா அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. எனக்கு ஓடிவிட வேண்டும் போலிருந்தது.

அதற்கப்புறம் ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஐப்பசி பாதி ஆன பிறகும் அணையில் தண்ணீர் ஏறவில்லை. பின்கரைப் பாறையின் அடிவரை வண்டல் காய்ந்து, சுற்றிக்கொண்டு நடந்து போகிற மாதிரி வழி விட்டிருந்தது. அம்மா விளக்கை விட்டாள். அந்தப் பக்கத்து வெளிச்சமும் வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அது வந்த திசைக்கு நடக்க ஆரம்பித்தாள்.

“வேணாம்மா, வூட்டுக்குப் போலாம்மா.”

“எம் புள்ளகிட்ட எனக்கென்னடி பயம்?”

பாறையைச் சுற்றியதும் தண்ணீர் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ குந்தியிருந்தது. நான் கத்திவிட்டேன். அதுவும் கத்தியது. பூசைக்குப் போடும் வெள்ளை முக்காடு, கையில் தீப்பெட்டி. உபதேசியாரின் பெண்சாதி.

அவளும் எங்கள் விளக்கைத் தன் பிள்ளை அனுப்பியது என்றே இத்தனை காலமும் நினைத்திருக்கிறாள். அவள் எங்களைப் பார்த்த பார்வையிலேயே அது தெரிந்தது.

குரலிலேயே ஆள் தெரிந்து, அம்மா அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

“நீங்களா? இத்தன வருசமும் நீங்கதானா, உபதேசியாரம்மா?”

“எனக்கும் ஒண்ணு இங்க கெடக்குதுங்க. அவரேதான் தூக்கிக்கினு வந்தாரு.”

“எம் புள்ளன்னு இருந்தேனே. எம் புள்ளதான்னு இருந்தேனே.”

அவளுக்கும் பிள்ளை போயிருக்கிறதே என்று ஒரு வார்த்தை அம்மாவின் வாயில் வரவில்லை. அன்றைக்கு அம்மாவுக்கு இரண்டாம் முறையாகப் பிள்ளை செத்தது. நான் என்ன செய்வதென்று தெரியாமல் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

உபதேசியாரம்மா வந்து அம்மாவுக்கு எதிரே அதே சேற்றில் உட்கார்ந்தாள். தலையை நிமிர்த்தாமலே பேசினாள்.

“ஒங்களுக்குப் பொறந்தன்னிக்கு நா ஒங்க வூட்டு வாசல்ல நின்னுக்கினு இருந்தேனுங்க. அவரும் நின்னாரு. உள்ள புள்ள அழுத சத்தம் கேட்டுச்சு. ஒரே தடவ. பூன கத்துதுன்னுட்டாரு. பூன இல்லீங்கன்னு எனக்குத் தெரியும். நானும் வாய மூடிக்கினேன்.”

எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. அப்போதே ஓடிப்போய் அந்த மனுஷனின் மீசையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஏன் சொல்லவில்லை, இத்தனை வருஷமும் எங்கே போயிருந்தாய் என்று அம்மா கேட்பாள், கிழித்துத் தொங்கவிடுவாள் என்று காத்திருந்தேன். அம்மா இருட்டில் உபதேசியாரம்மாவின் முகம் இருக்கும் பக்கமாகக் குனிந்தாள்.

“எப்படி அழுதான்?”

உபதேசியாரம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் என்னைப் பார்த்தாள், தண்ணீரைப் பார்த்தாள். முக்காட்டை விலக்கி மூச்சை இழுத்தாள். பிறகு, நரைக்கத் தொடங்கிய அந்தப் பெண்பிள்ளையின் தொண்டையிலிருந்து, அப்போதுதான் பிறந்த பிள்ளையின் குரல் வந்தது. மெல்லிசாக, கீச்சென்று, பாதியில் மூச்சு முட்டி நிற்கிற அழுகை. அது தண்ணீர்மேல் போய், எதிர்க்கரையில் பட்டு, திரும்பி எங்களிடமே வந்தது.

அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் ஓய்ந்த பிறகும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இன்னொரு தடவ” என்றாள்.