கைசர் விழுங்கிய ஒட்டுப்பால்

ஒட்டுப்பாலின் நாற்றம் சோப்புக்குப் போகாது. ரப்பர் மரத்தில் வெட்டிய கோட்டில் பால் வடிந்து முடிந்தபின் அங்கேயே உறைந்து கிடக்கும் நாடாதான் 'ஒட்டுப்பால்'. அதை உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றிப் பந்தாக்கி விளையாடிய கையோடு பள்ளிக்கூடம் போனால் பக்கத்தில் இருப்பவன் தள்ளி உட்காருவான். குலசேகரத்துக்கு அப்பால் மலையோரத்தில், வீட்டுக்குப் பின்னால் இருந்த சிறு தோட்டத்திலிருந்து எனக்கு வந்த பங்கு அந்த நாற்றம்தான்.

எங்கள் நாய்க்குட்டி கைசர், பல் முளைக்கும் பருவத்தில் செருப்பு, சுளகின் விளிம்பு, அம்மாவின் சேலைத் தும்பு என்று கண்டதையெல்லாம் கடித்தது. கடித்ததில் பாதியை விழுங்கியது. நாற்காலிக் காலில் வேப்பெண்ணெய் தடவினோம். நக்கிவிட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்த்தது. அம்மா செருப்பில் காந்தாரி மிளகாயை அரைத்துப் பூசினாள். தெரியாமல் அதன் வாரைச் சரிசெய்துவிட்டுக் கண்ணைத் துடைத்த அப்பா, அன்று முழுவதும் அலுவலகத்தில் அழுதபடியே கையெழுத்துப் போட்டார்.

"இனி ஒரு சாதனத்தைக் கடிச்சுதுன்னா, சாக்குல கெட்டி வடசேரி சந்தையில விட்டுருவேன், கேட்டியா?" என்றார்.

அப்பா கூட்டுறவுச் சங்கத்துச் செயலாளர். வேட்டி மடிப்பு கலையாதவர். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்: ஒட்டுப்பால் பந்து. கிழியாது, உடையாது. கைசர் நாள் முழுக்க அதையே மென்றது, அப்பாவும் வழியில் கண்டவர்களுக்கெல்லாம் அதன் மகிமையை விளக்கினார். ரப்பர் ஊர்க்காரனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை. சுற்றிய நாடா பிரியும் என்பதும் ரப்பர் ஊர்க்காரனுக்குத் தெரிந்திருக்க வேண்டியதுதான்.

கைசர் பிரித்துப் பிரித்து விழுங்கியிருக்கிறது. சோறு தின்ன மறுத்து, வாந்தியெடுத்துச் சுருண்டுவிட்டது. செத்துவிடும் என்று நான் அழ, அப்பா எங்கள் இருவரையும் மாட்டாஸ்பத்திரிக்குப் பஸ்ஸில் கூட்டிப்போனார். பாதி வழியில், என் மடியில் கிடந்த குட்டியின் பின்பக்கத்திலிருந்து நாடா ஒன்று எட்டிப்பார்த்துத் தொங்கியது. நாற்றத்தில் பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள்.

"ஆருக்க பட்டி இது?" என்றார் நடத்துநர். எங்கள் பக்கத்தில் நாயைப் 'பட்டி' என்போம்.

"பட்டிக்கு வாலு ரெண்டாக்கும்!" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்ல, பஸ்ஸே சிரித்தது.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "பய எங்கயோ கெடந்ததை எடுத்துட்டு வந்திருக்கான்."

"எறங்கு மக்கா" என்றார் நடத்துநர். காது சுட, குட்டியை அணைத்துக்கொண்டு இறங்கினேன். சற்றுத் தயங்கி அப்பாவும் இறங்கினார். மீதி வழியை நடந்தோம்.

நாடாவை இழுக்கப்போன என் கையை மருத்துவர் தட்டிவிட்டார். "இழுத்தா குடல் கிழியும். தானா வரணும். தினமும் என்ன வருதுன்னு பாருங்க. வரல்லேன்னா பிழைக்காது."

மறுநாள் காலையிலிருந்து அப்பா வேட்டியை மடித்துக்கட்டி, ஈர்க்குச்சியுடன் கைசருக்குப் பின்னால் நடந்தார். பாதையோரத்தில் குந்தி உட்கார்ந்து, ஊர் பார்க்கக் கிளறினார்.

"என்ன அண்ணாச்சி, சங்கத்துல வேலை இல்லியா?" என்றார் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரர். "ஆருக்க பட்டிக்குப் பின்னால நடக்குதியோ?"

அப்பா நிமிரவில்லை, என் பக்கமும் திரும்பவில்லை. "எனக்க பட்டியாக்கும்" என்றார்.

பஸ்ஸில் நான் கேட்க ஏங்கிய சொல். ஆனால் அவர் கழுத்துவரை சிவந்து அதைச் சொன்னபோது, பஸ்ஸில் வந்ததைவிட அதிகமாக எனக்கு வெட்கம் வந்தது. இன்னொரு காலையில் கடைசி நாடாவும் வந்துசேர்ந்தது. கைசர் கஞ்சி குடித்தது.

இப்போது நாகர்கோவிலில் மகள் வீட்டு நாய்க்குட்டிக்கு நான்தான் ஆலோசகர். தரையில் எதையும் போடாதே. கவ்வியதைப் பிடுங்காதே, கறித்துண்டைக் காட்டி மாற்றிக்கொள். வாய்க்குள் அடங்காத பொருளையே கடிக்கக் கொடு. மகள் தலையாட்டுகிறாள், குட்டி காலுறையைத் தின்கிறது. எங்கள் தோட்டம் வீட்டுமனைகளாகிவிட்டது. அங்கே ஒட்டுப்பால் உரிக்க மரமும் இல்லை, பிள்ளைகளும் இல்லை. அப்பாவும் போய்விட்டார். அந்தப் பஸ்ஸைப் பற்றி நாங்கள் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை. கைசர் பிழைத்த கதையைத்தான், அது செத்துப் பல வருடம் ஆனபிறகும், திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தோம்.