எம்பிராய்டரி மிஷினுக்குள் கிடந்த தாலிக் குண்டு

இன்னொரு வீட்டுச் சங்கதி என்பதால், இதை எழுதப் பல வருஷமாகக் கை வரவில்லை.

எழுபதுகளில், ஜாக்கெட்டுகளுக்குப் பூ வேலை செய்வதற்காகப் புதுவயலில் ஓர் அக்காவிடம் பழைய எம்பிராய்டரி மிஷின் வாங்கினேன். ஓட்டினால் 'டொக் டொக்' என்று ஒரே சத்தம். எண்ணெய் விட்டும் நிற்கவில்லை.

"மிசின் ஓட்டுறியா, அம்மி கொத்துறியா?" என்று கேலி செய்துகொண்டே என் வீட்டுக்காரர் அடிப்பாகத்தைக் கழற்றினார். நூல் பிசிறோடு, தாலியில் கோக்கிற தங்கக் குண்டு ஒன்று விழுந்தது.

மறுநாளே பஸ் ஏறிக் கொண்டுபோனோம். அதைப் பார்த்ததும் அந்த அக்கா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஆடிப் பெருக்குக்குத் தாலிக் கயித்த மாத்தயில, மிசின் மேலதான் வச்சேன். காணமின்னதும், புருசன் செத்து எங்களோட இருந்த நாத்தனா மேல பழியப் போட்டேன் ஆத்தா. 'எனக்கில்லாதது இவளுக்கு எதுக்குன்னுதான எடுத்த'ன்னு கேட்டுப்புட்டேன். அன்னைக்கே கட்டுன சேலையோட போயிட்டா."

"தேடிப் பாத்தீகளாக்கா?"

"தேடாத ஊரில்ல."

குண்டை அவர் கையில் வாங்கவே இல்லை. அவர் சொன்னபடி திருக்கோஷ்டியூர்ப் பெருமாள் உண்டியலில் போட்டேன். மிஷின் சத்தம் நின்றுவிட்டது. எனக்குத்தான் அதில் உட்கார மனசு வரவில்லை.

அந்த அக்காவும் இப்போது இல்லை. படிக்கிறவர்கள் இதைக் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள். எங்கேயாவது அந்த நாத்தனார் காதில் விழட்டும்: அம்மா, நீங்கள் எடுக்கவில்லை.