ஒயில் பேப்பரும் ஒரு கல்யாண கேக்கும்

கேக் தட்டில் கடதாசி போடுவதில் என்னை மிஞ்ச மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் வரைக்கும் ஆள் கிடையாது. சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. ஆனாலும் உண்மையை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்போடு எனக்குப் படிப்பு முடிந்தது. துரை பங்களாக் குசினியில் பாத்திரம் தேய்க்கப் போய், சமையல்காரனாகத் தலையெடுத்தவன் நான். ஒயில் பேப்பரை அங்கேதான் முதலில் தொட்டேன். பால் நிறம், பிடித்துப் பார்த்தால் வெளிச்சம் கசியும். நெய் பட்டாலும் ஊறாது, சூட்டில் கருகாது. துரைசாணி அதை ஜாம் போத்தலின் வாய்க்கு மூடுவாள். பூப்படத்தின் மேல் வைத்துக் கோடு இழுத்து, அந்தக் கோட்டைத் துணிக்கு மாற்றித் தையல் போடுவாள். நான் அதைக் கூம்பாகச் சுருட்டி, நுனியை வெட்டி, ஐசிங்கை அழுத்தி ரோஜா போடப் பழகினேன். துரைசாணி போட்ட ரோஜாவைவிட என் ரோஜாதான் ரோஜா மாதிரி இருக்கும். அவளே சொல்லியிருக்கிறாள்.

துரை சீமைக்குத் திரும்பிப் போனதும் புதிதாக வந்தவர் தன் ஆளைக் கூட்டிவந்துவிட்டார். நான் வெளியே. டவுனில் ஒரு பேக்கரி முதலாளியிடம் பாண் ரொட்டி சுடும் போறணை அடுப்பில் பாதி நாள் இடம் கேட்டு வாங்கி, சொந்தமாகத் தொழில் தொடங்கினேன். பழைய மஸ்கெலியாக் கடைவீதி அது. அணை கட்டியதில் இப்போது தண்ணீருக்கு அடியில் கிடக்கிறது. தோட்டப் பதிவில் என் பெயர் இல்லை. தோட்டத்து லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பரா நிலைத்தது என் மனைவி தேயிலைக் கொழுந்து பறித்ததால்தான். அவள் பெயரை வெட்டினால் காம்பராவையும் விட வேண்டும்.

அவளுக்கு அப்போதே முழங்கால் வீங்கும். மழைக்காலத்தில் மலையை விட்டு இறங்கி வரும்போது படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வருவாள். அதைப் பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் வார்த்தை கொடுத்தேன்.

"பெரிய கிளாக்கர் மக கல்யாணத்துக்குக் கேக்கு என்கிட்டதான் சொல்லியிருக்காரு. அது மட்டும் நல்லபடியா முடியட்டும். டவுன்ல வீடு எடுக்குறேன். நீ மலைக்குப் போக வேணாம்."

அவள் குனிந்து அடுப்பை ஊதினாள்.

தோட்ட ஆபீஸ் கிளாக்கரின் சம்பந்தி வீட்டில் இதற்கு முணுமுணுப்பு இருந்தது. "கொழும்புல எடுக்காம லயத்துல எடுக்கிறாங்களாமே, கேக்குக்குள்ள கொழுந்து கெடக்கப் போவுது" என்று மாப்பிள்ளை வீட்டு அம்மா ஒருத்தி சிரித்தது என் காது வரைக்கும் வந்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன். சாமான் வாங்கப் போனபோதுதான் அடி விழுந்தது. அரசாங்கம் வெளிநாட்டுச் சாமான்களை நிறுத்தியிருந்த காலம். பிளம்ஸ் என்று நாங்கள் சொல்லும் உலர்ந்த திராட்சை எப்படியோ கிடைத்தது, ஒயில் பேப்பர் இல்லை.

"எங்க ஈக்குது தம்பி? கப்பல்ல வந்தாத்தானே கடைக்கு வரும்," என்றார் கடை வைத்திருந்த முஸ்லிம் நானா. "பட்டம் ஒட்டுற கடதாசி ஈக்குது, வேணுமா?"

"அதுல கேக்கு சுத்துனா சாயம் ஒட்டும் நானா. பொண்ணு மாப்பிள்ள நாக்கெல்லாம் செவந்து போகும்."

"வெத்தில செலவு மிச்சந்தானே!"

கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன். கல்யாண கேக் என்றால் தட்டில் வைத்துக் கொடுப்பதல்ல. துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் ஒயில் பேப்பரில் மடித்து, வந்தவர்கள் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். மடிப்பு இல்லாவிட்டால் அது கல்யாண கேக்கே இல்லை. நெய் ஊறிய செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தால் அன்றோடு என் தொழில் சரி.

வீட்டில் சொன்னேன். காம்பரா ஜன்னலில் கண்ணாடி கிடையாது. பங்களாவிலிருந்து வந்த பழைய ஒயில் பேப்பரைத்தான் என் மனைவி பனி வராமல் அதில் ஒட்டியிருந்தாள். அதை நான் பார்த்ததை அவள் பார்த்துவிட்டாள்.

"அத உரிச்சு கிளாக்கர் மகளுக்குக் கட்டிக் குடுக்கப் போறீங்களா? பல்லி முட்டையும் சேந்து போகும்."

பிறகு அவளேதான் சொன்னாள். "ஸ்டோர்ல தேயிலப் பெட்டிக்குள்ள ஈயத்தாளுக்கு மேல ஒரு வெள்ளக் கடதாசி போடுவாங்களே, அதக் கேட்டுப் பாருங்களேன்."

தேயிலை அரைத்துப் பெட்டி கட்டும் அந்த ஸ்டோருக்குப் போனேன். அதைப் பார்த்துக்கொள்ளும் டீமேக்கர் வாசலிலேயே கையை நீட்டித் தடுத்தார்.

"அங்கயே நில்லுங்க! ஏலக்கா, கிராம்பு வாசமா வீசுது. தேயில புடிச்சுக்கிச்சுன்னா தொர என்னத் தொங்க விட்டுருவாரு."

மழையில் நின்றபடியே கேட்டேன். கிளாக்கர் பெயர் வேலை செய்தது. பெட்டிக்கு உதவாமல் ஓரம் கிழிந்து கிடந்த தாள்களைச் சுருட்டி, வாசலைத் தாண்டி எறிந்தார். நெய் ஊறாத நல்ல கடதாசி. பங்களாவுக்கு வந்த சீமைக் கடதாசியைவிடக் கனம்.

மடிப்புக்கு வேண்டியதை எடுத்து வைத்துவிட்டு, மீதியைத் தட்டுகளுக்கு வெட்டினேன். தட்டுக்குள் முதலில் செய்தித்தாளை அடுக்கடுக்காகப் போட வேண்டும். அதற்கு மேல்தான் பட்டர் தடவிய இந்தக் கடதாசி. அப்போதுதான் அடி கருகாது. பாண் எடுத்த பிறகு போறணையில் தணிந்து நிற்கும் சூட்டில் வைத்து, கதவு இடுக்கில் மூக்கை வைத்தே பதம் பார்த்தேன். மணிக்கூடு வைத்துக் கேக் போடுகிறவன் நானில்லை.

பொண்ணு மாப்பிள்ளை பெயரைக் கிளாக்கர் ஒரு தாளில் எழுதித் தந்தார். எழுத்துக்கும் எனக்கும் தூரம். ஸ்டோர்க் கடதாசியில் ஒரு துண்டை அதன் மேல் வைத்து, எழுத்தின் வழியே ஊசியால் குத்தினேன். அந்தப் புள்ளிகளை ஐசிங்கின் மேல் பதித்து, கூம்பால் இழுத்துவிட்டேன். இங்கிலீஷ் மாஸ்டர் எழுதினாலும் அப்படி வராது.

அன்றைய கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு என் மனைவி டவுனுக்கு நடந்து வந்தாள். அவள் விரல்களில் கொழுந்துக் கறை. எலுமிச்சம் தோலால் தேய்த்தும் போகவில்லை. வெள்ளைக் கடதாசியில் பட்டால் தெரியும் என்று, ஓரத்தை மட்டும் நகத்தால் பிடித்தே அத்தனை துண்டையும் மடித்தாள். நின்றுகொண்டே மடித்தாள். உட்காரச் சொன்னேன். "உக்காந்தா எந்திரிக்க முடியாதுங்க," என்றாள்.

கல்யாணத்தில் ஒரு குறை கிடையாது. சிரித்த அந்த அம்மாவே இரண்டாவது துண்டு கேட்டு வாங்கினாள். கிளாக்கர் எல்லார் முன்னிலையிலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அங்கிருந்து நேரே போய், பேக்கரிக்குப் பின்னால் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரரிடம் குடி வருகிறேன் என்று சொல்லிவிட்டு லயத்துக்கு ஏறினேன்.

அவள் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்திருந்தாள். முழுக்கதையையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

"நாளையிலருந்து பெரட்டுக்கும் மலைக்கும் போகாத. பேர வெட்டச் சொல்லு. வீடு பேசிட்டேன்."

"அடுத்த கல்யாணம் எப்பங்க?"

"வரும். தையில வரும்."

"கடதாசி?"

"அதுவும் வரும்."

அவள் காலைத் துடைத்துக்கொண்டாள். "கொழுந்து நாளைக்கே வருமுங்க," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

விடியலில் வேலைக்கு ஆட்களைக் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடித்தது. படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டி, சுவரைப் பிடித்துப் பிடித்து அவள் படி இறங்கினாள். வீட்டுக்காரரிடம் போய், குடி வரவில்லை என்று சொல்ல வேண்டும். ஊரெல்லாம் பேசி ஜெயித்த எனக்கு, அன்றைக்குப் பாயை விட்டு எழுந்திருக்கவே மனம் வரவில்லை.