சீடி அக்கா ஷட்டரை இறக்கிய வருஷம்

விடுமுறைக் கால நெரிசலைச் சமாளிக்க மூன்று மாதத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் அவரை அந்தக் கடையில் சேர்த்தார்கள். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. அந்த மூன்று மாதம் இருபத்திரண்டு வருஷமாக நீண்டது. பில் போட வந்தவர் கடைக்கே மேலாளரானார். தெருவில் எல்லோருக்கும் அவர் சீடி அக்கா. எதிர்வரிசையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் நான் அவரைவிட ஆறு வயது மூத்தவன். எனக்கும் அவர் அக்காதான்.

பாட்டு, படம், வீடியோ கேம் விற்கும் ஒரு பெரிய நிறுவனத்தின் கிளை அது. எங்கள் கடைத்தெருவில் ஒரு காலத்தில் அந்த மாதிரிக் கடைகள் ஐந்து இருந்தன. படம் வாடகைக்கு விடுகிற கடை முதலில் போனது. கேசட் கடை செருப்புக் கடையானது. காசு போட்டு கேம் ஆடும் இடத்தில் ஜிம் வந்தது. நான்காவது எப்போது மூடியது என்றே யாருக்கும் தெரியாது. ஒருநாள் பார்த்தால் அங்கே செல்போன் உறை தொங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் கடை மட்டும் தாக்குப்பிடித்தது. அதற்கு அவர்தான் காரணம் என்று அடித்துச் சொல்வேன்.

பாட்டின் பெயர் தெரியாதவர்கள் வந்து மெட்டை முணுமுணுப்பார்கள். "படத்துல ஒரு நாய் வரும்க்கா, கடைசியில மழை பெய்யும்" என்பார்கள். அக்கா கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பார். பிறகு நேராக ஓர் அடுக்குக்குப் போய் உருவி எடுத்து வருவார். ஒருமுறை ஒருவர் முணுமுணுத்து முடித்ததும், "இது பாட்டே இல்ல சார், சோப்பு விளம்பரம்" என்றார். வந்தவர் யோசித்துப் பார்த்துவிட்டு அசடு வழிந்தார்.

எல்லாம் செல்போனிலேயே கிடைக்கத் தொடங்கியதும் முணுமுணுக்கிற கூட்டம் குறைந்தது. நாலு அடுக்கு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஹெட்போன் வைக்கச் சொன்னது தலைமை அலுவலகம். வைத்தார். பொம்மை வைக்கச் சொன்னார்கள், பிறகு படம் போட்ட டீக்கோப்பை. "இப்படியே போனா அடுத்த வருஷம் வெங்காயம் விக்கச் சொல்லுவாங்க" என்று என்னிடம் சிரித்தார்.

வெங்காயம் வருவதற்குள் கடிதம் வந்துவிட்டது. எல்லாக் கிளைகளையும் ஆறு வாரத்தில் மூடுகிறார்கள். அக்காவின் கீழ் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். அவர்களை உட்காரவைத்துக் கடிதத்தை முழுசாகப் படித்துக் காட்டினார். "யாரும் மூஞ்சியத் தொங்கப்போட வேணாம். ஆறு வாரம் இருக்கு. நான் பாக்கறேன்" என்றார். அன்று மத்தியானமே தெருவில் இறங்கிவிட்டார். ஒருவரை மருந்துக்கடையிலும் இன்னொருவரைச் செருப்புக் கடையிலும் சேர்த்துவிட்டார். பில் போடுகிற பெண்ணுக்கு மட்டும் இடம் அமையவில்லை.

கடை மூடும் தள்ளுபடி என்று பலகை வைத்ததும் திமுதிமுவென்று கூட்டம் வந்தது. துக்கம் விசாரிக்க வந்த மாதிரி பேசினார்கள்.

"ஐயோ அக்கா, நான் வளர்ந்ததே இந்தக் கடையிலதான்!" என்றார் ஒருவர்.

"கடைசியா எப்ப வந்தீங்க?"

"அது... ஒரு எட்டு வருஷம் இருக்கும்."

"அப்ப வளர்ந்து முடிச்சுட்டீங்க" என்று சொல்லி அக்கா அவருக்குப் பில் போட்டார்.

ஆனால் அந்தக் கூட்டத்தில் வேறொரு பேச்சும் அவர் காதில் விழுந்துகொண்டே இருந்தது. "வீட்ல எங்க கல்யாண வீடியோ கேசட் கிடக்கு. போட்டுப் பாக்க டெக் எங்கயாவது கிடைக்குமாக்கா?" ஒருவர் கேட்டார், மறுநாள் இன்னொருவர் கேட்டார். இரண்டு வாரத்தில் பதினேழு பேர் கேட்டதும், அக்கா கணவரிடம் விஷயத்தை எடுத்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். அளந்து பேசுகிற மனிதர்.

"கடைப் பாட்டெல்லாம் ஃபோன்ல வருது. அவங்கவங்க வீட்டு வீடியோ எந்த ஃபோன்ல வரும்? அதை பென் டிரைவ்ல மாத்திக் குடுத்தா என்ன?"

"டெக்குக்கு எங்க போவ? இப்ப யாரும் செய்யறதே இல்லையே."

"எங்க குடோன்ல ஆறு தூங்குது."

"ஓடுமா?"

"அதுக்குத்தானே உங்களக் கட்டிக்கிட்டேன்" என்றார் அக்கா.

கணக்கு முடிக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அதிகாரியின் பட்டியலில் அந்த ஆறு டெக்கும் கழிவுச் சாமான் என்று எழுதியிருந்தது. "கழிவுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நான் எடுத்துக்கறேன், ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க சார்" என்றார் அக்கா. அதிகாரிக்கு மனசு இளகிவிட்டது. "இத்தனை வருஷம் இருந்திருக்கீங்க. ஞாபகமா வாசல் போர்டை எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டார்.

"போர்டை வெச்சு நான் என்ன சார் பண்றது? டெக்கைக் குடுங்க."

கடைசி நாள் ஷட்டரை இறக்கிப் பூட்டி, சாவியை அதிகாரி கையில் கொடுத்துவிட்டு, அக்கா நேராக என் கடைக்கு வந்தார். என் மாடியறை காலியாக இருந்தது. அதை வாடகைக்குக் கேட்டார். அடுத்த வாரம் கணவர் வந்து டெக்குகளைப் பிரித்துப்போட்டு, தேய்ந்த பெல்ட்டுகளை மாற்றி, ஆறில் நாலை ஓடவைத்தார். பில் போடுகிற பெண்ணும் மாடிக்கு வந்து சேர்ந்தாள். தள்ளுபடியின்போது கேட்டவர்களில் பாதிப்பேர் முதல் மாதமே கேசட்டோடு படியேறினார்கள்.

இரண்டாம் மாதம் சோதனை வந்தது.

ஓய்வுபெற்ற ட்ரில் மாஸ்டர் ஒருவர் ஒரே ஒரு கேசட் கொண்டுவந்தார். காலமாகிவிட்ட அவர் மனைவி சமையலறையில் வேலை செய்துகொண்டே பாடுவதை, அவருடைய மைத்துனர் ஒளிந்திருந்து எடுத்தது. அதற்கு வேறு பிரதி கிடையாது. உள்ளே பூஞ்சை பிடித்திருந்ததை யாரும் கவனிக்கவில்லை. டெக்கில் போட்டதும் நாடா சிக்கி, கரகரவென்று சத்தம் வந்து, அறுந்தே போய்விட்டது.

அக்கா கேசட்டோடு கீழே இறங்கி வந்தார். "உங்க சின்ன ஸ்க்ரூ டிரைவரும் பூதக்கண்ணாடியும் வேணும்" என்றார். என் மேஜை விளக்கின் அடியிலேயே கேசட்டைப் பிரித்தோம். நசுங்கிய துண்டை வெட்டி எடுத்தார். மீதியைப் பஞ்சால் துடைத்துத் துடைத்துப் பூஞ்சையை எடுக்கவே ஒரு பகல் ஆனது. இரண்டு முனையையும் ஒட்டி, வேறொரு நல்ல கேசட் கூட்டுக்குள் சுற்றிவைத்தார். அது ஓடியது. வெட்டிய இடத்தில் இரண்டு வினாடி இல்லை, அவ்வளவுதான்.

"சொல்லாதீங்கக்கா. அவருக்கு எங்க தெரியப்போகுது?" என்றேன் நான்.

"அவர் இதை இனிமே நூறு தடவை பாப்பார். நூறு தடவையும் அந்த இடத்துல ஏன் தட்டுதுன்னு யோசிப்பார். எதுக்கு அவரை அலையவிடணும்?"

மாஸ்டர் வந்ததும் படத்தைப் போடுவதற்கு முன்பே நடந்ததைச் சொல்லிவிட்டார். "தப்பு என்னுதுதான் சார். திறந்து பாக்காம டெக்ல போட்டுட்டேன்." மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். திரையில் அந்த அம்மா பாத்திரத்தைக் கிளறிக்கொண்டே பாடினார். படம் ஒரு தட்டுத் தட்டியது. அதற்குள் கேமராவைப் பார்த்துவிட்டிருந்தார். கையில் கரண்டியோடு துரத்திக்கொண்டு வந்தார்.

மாஸ்டர் மூன்று தடவை போடச் சொல்லிப் பார்த்தார். "அந்த ரெண்டு செகண்ட்ல என்ன சொல்லியிருப்பான்னு எனக்குத் தெரியும்மா. 'எல்லாம் உங்க வேலைதானா'ன்னு என்னைத்தான் கேட்டிருப்பா. முப்பது வருஷமா கேட்டதுதான், போகட்டும்" என்றார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்த மாதம் மாஸ்டர் வேலை பார்த்த பள்ளியின் ஆசிரியர்கள் நாலு பேர் கேசட் மூட்டையோடு வந்து நின்றார்கள். இப்போது எந்த கேசட்டையும் திறந்து விளக்கில் பார்க்காமல் அக்கா டெக்கில் வைப்பதில்லை. வேறு ஊர்களிலிருந்து பார்சல் வருகிறது. ஒரு டெக் பழுதானால் இன்னொன்று வாங்க, படம் வாடகைக்கு விட்டுக் கடையை மூடியவர்களை எல்லாம் தேடிப் பிடித்து வைத்திருக்கிறார்.

போன வாரம் டீ குடிக்கும்போது கேட்டேன். "இது எத்தனை நாளைக்குக்கா?"

"மிஞ்சிப்போனா பத்து வருஷம். அதுக்குள்ள மாத்தினது போக மிச்சத்தைப் பூஞ்சை தின்னுடும்."

"அப்புறம்?"

"அப்ப எனக்கு அம்பத்திரண்டு வயசு. இன்னொரு வேலை கத்துக்கற வயசுதானே?" என்றார் அக்கா. டம்ளரை வைத்துவிட்டு, இரண்டிரண்டு படியாக மாடி ஏறினார்.