திரும்பிப் பார்க்காத வகுப்பு

அவருக்குக் கதவக்கா என்று பெயர் வைத்தவர் யார் என்று யாருக்கும் நினைவில்லை. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நேரில் வெறும் அக்காதான். அக்கா போய்ச் சேர்ந்து சில மாதங்களாகின்றன. பகலில் பிள்ளைகள் படிக்கும் கட்டிடத்தில், மாலையானதும் வேலை முடித்த பெரியவர்கள் வந்து உட்காரும் அந்த அறையின் பின்கதவு இன்னும் தாழிடாமல்தான் கிடக்கிறது.

பள்ளி அவருக்குச் சம்பளம் கொடுத்தது மொழிப்பாடம் நடத்துவதற்கு. பாதியில் நின்றுபோனவர்களைத் திரும்பக் கொண்டுவந்து உட்காரவைப்பது அவராகத் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்ட வேலை. அதற்கென்று அவர் பெரிதாக எதுவும் செய்ததாகத் தெரியாது. வாசலில் ஒரு எவர்சில்வர் தட்டு வைத்திருந்தார். உள்ளே வரும்போது லாரிச் சாவி, கம்பெனி அடையாள அட்டை, தையல்காரியின் அளவு நாடா எல்லாம் அதில் விழுந்துவிட வேண்டும். "வேலை அங்கயே இருக்கட்டும். போகும்போது எடுத்துக்கலாம், யாரும் திருட மாட்டாங்க" என்பார். முதல் சில நிமிடங்கள் யாரும் புத்தகத்தைத் திறக்கக் கூடாது. மூச்சு வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். லாரிக்காரர் மட்டும் சும்மா இருக்க மாட்டார். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சுக்குள் முட்டியை நுழைக்க அவருக்கு அந்த நேரம் முழுவதும் தேவைப்பட்டது.

இன்னொரு வழக்கம் இருந்தது. தாமதமாக வருகிறவர்களும், பல நாள் வராமல் இருந்து வருகிறவர்களும் பின்கதவு வழியாக வரலாம். யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஏன் வரவில்லை என்று அன்றைக்கு யாரும் கேட்கக் கூடாது. அந்த அறையில் பின்கதவைப் பார்த்து நிற்கிறவர் அக்கா ஒருவர்தான். அதனால் கதவு கிறீச்சிட்டதும் அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிவிடுவார். எதையாவது எழுதிக்கொண்டே இருப்பார். பின்னால் ஒரு பெஞ்சு நகரும் சத்தம் கேட்ட பிறகுதான் முகத்தைத் திருப்புவார்.

இந்த வழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பலருக்குச் சொன்னதில்லை. கல்லூரியில் இரண்டாம் வருடம் படிக்கும்போது அப்பா இறந்துவிட்டார். காரியமெல்லாம் முடிந்து வகுப்புக்குத் திரும்பிய காலையில், பேராசிரியர் மேடையிலிருந்தே இரங்கல் சொன்னார். அத்தனை தலைகளும் அக்கா பக்கம் திரும்பின. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆனால் மறுநாள் அவர் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. விட்ட படிப்பை முடிக்கப் பல வருடங்களாயின, அதுவும் தபாலில்.

லாண்டரியம்மா அந்தப் பள்ளியில் சேர்ந்தபோது நாற்பதைத் தாண்டியிருந்தார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. விரல் நுனிகள் எப்போதும் நீரில் ஊறியது போலச் சுருங்கியிருக்கும். பத்தாம் வகுப்புக்கு அவர் பெயர் கொடுத்தது அது மூன்றாம் முறை. முதல் முறை கைக்குழந்தை. இரண்டாம் முறை பரீட்சை அறையில் கேள்வித்தாளைப் பார்த்ததும் கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, எழுந்து வெளியே நடந்துவிட்டார். நான்காம் முறை பெயர் பதிய விதியில் இடமில்லை.

"இந்த வயசுல எதுக்கும்மா இது?" என்று தையல்காரி கேட்டபோது, "பல்லிடுக்குல மாட்டின நார் மாதிரி இருக்கு, விட்டது. எடுக்கற வரைக்கும் நாக்கு அங்கயேதான் போகுது" என்றார்.

மாதிரித் தேர்வு அன்றைக்கும் அவருக்குக் கை கால் ஓடவில்லை. பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அக்கா பக்கத்தில் போய் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார்.

"தாளை மடிங்க."

"மடிக்கலாமாக்கா? திட்ட மாட்டாங்க?"

"உங்க தாள்தானே. நாலா மடிங்க. மேல எது தெரியுதோ அதுதான் பரீட்சை. மத்தது இன்னும் வரல."

லாண்டரியம்மா மடித்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, நகத்தால் ஒரு இழுப்பு இழுத்து, கத்தி போல மடிப்பு.

"அக்கா, கொஞ்சம் பாத்துக்குங்க" என்றார் லாரிக்காரர், தலையை நிமிர்த்தாமலே. "அந்தம்மா இஸ்திரி போட்டுக் குடுத்துடப் போகுது."

லாண்டரியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்த பிறகு எழுத வந்தது.

அவருடைய கணவரை எல்லோருக்கும் தெரியும். வகுப்பு முடியும் நேரத்துக்கு முன்கேட்டில் விளக்குக் கம்பத்தடியில் வண்டியை நிறுத்தி, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சில நாள் சீக்கிரமே வந்துவிடுவார். "உங்க மாப்பிள்ளை வந்தாச்சு, இனிமே உங்களுக்குப் பாடம் ஏறாது" என்று தையல்காரி காதைக் கடிப்பாள். லாரிக்காரர் வெளியே போய் அவரோடு ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். மனைவி படிப்பதைப் பற்றி ஒரு முறை அவரிடம் கேட்டதற்கு, "எனக்கு என்ன தெரியும். கூட்டிட்டு வரேன், கூட்டிட்டுப் போறேன்" என்றாராம்.

பரீட்சைக்குச் சில மாதங்கள் இருக்கும்போது ஒரு காலையில் கணவருக்கு மாரடைப்பு வந்தது. மனைவி வேலை பார்த்த மருத்துவமனைக்குத்தான் கொண்டுபோனார்கள். பிழைக்கவில்லை.

வகுப்பே திரண்டு வீட்டுக்குப் போய் வந்தது. அதன் பிறகு லாண்டரியம்மாவின் இடம் காலியாகவே இருந்தது. வாரங்கள் ஓடின. தலைமையாசிரியர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். இரக்கமில்லாதவர் அல்ல, ஆனால் மேலே பதில் சொல்ல வேண்டியவர்.

"வர்ற வெள்ளிக்கிழமை வருகைப் பட்டியல் போகணும். அதுக்குள்ள அவங்க ஒரு நாளாவது வந்து உட்காரலைன்னா, பேரை எடுக்கறதத் தவிர எனக்கு வேற வழி இல்லைங்க."

அக்கா போன் செய்யவில்லை. போன் செய்து கூப்பிடுவது அவர் வழக்கம் இல்லை. தையல்காரி வழியாகத் தகவல் மட்டும் போனது. வருவார் என்று பதில் வந்தது.

அன்று மாலை லாரிக்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றார். "அக்கா, ஒண்ணு சொல்லணும். அவரோட உக்காந்து டீ குடிச்சவன் நான். அந்தம்மா உள்ள வரும்போது, ஒண்ணுமே நடக்காத மாதிரி புத்தகத்தப் பாத்துட்டு இருக்க எனக்கு மனசு வரல."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். அக்காவுக்கும் மனசு கேட்கவில்லை. அந்த வீட்டுக் கூடத்தில் ஆணியில் ஹெல்மெட் தொங்கியதைப் பார்த்துவிட்டு வந்தவர் அவர். மற்றவர்கள் விஷயத்தில் ஆயிரம் தடவை வேண்டாம் என்று சொல்லியிருப்பார். இந்த ஒரு தடவை, "சரி. வந்தாங்கன்னா ஒரு நிமிஷம் எழுந்து நிக்கலாம். யாரும் எதுவும் பேச வேண்டாம்" என்றார்.

புதன்கிழமை பின்கதவு கிறீச்சிட்டது. அக்கா கரும்பலகைப் பக்கம் திரும்பவில்லை. வகுப்பு முழுவதும் எழுந்து, திரும்பி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றது.

லாண்டரியம்மா ஒரு காலை உள்ளே வைத்திருந்தார். கையில் புத்தகப் பை. அத்தனை முகங்களையும் பார்த்தார். முகத்தில் எதுவும் மாறவில்லை. "மன்னிச்சுக்கங்க, ரூம் மாறி வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

கொஞ்ச நேரம் யாரும் உட்காரவில்லை. "நாமளே தொரத்தி விட்டுட்டோம் போல" என்றார் லாரிக்காரர். அக்காவுக்கு அன்றைக்குப் பாடம் ஓடவில்லை. தனக்கு என்ன செய்தார்களோ, அதையே எழுத்துப் பிசகாமல் செய்துவிட்டோம் என்பது அவருக்குக் கரும்பலகையைத் துடைக்கும்போதுதான் உறைத்தது.

மறுநாள் மதியம் அவர் மருத்துவமனைச் சலவைக்கூடத்துக்குப் போனார். நீராவியும் மருந்து வாடையும் கலந்த நீண்ட அறை. ஒரு பக்கம் இயந்திரங்களின் இரைச்சல். மறு பக்கம் உலர்ந்த விரிப்புகள் மலை மாதிரி. லாண்டரியம்மா ஆச்சரியப்படவில்லை. கூட வேலை பார்க்கிறவள் சாப்பிடப் போயிருந்தாள். ஒரு விரிப்பின் இரண்டு முனைகளை அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் பின்னால் நடந்தார்.

பெரிய விரிப்பை ஒருவராக மடிக்க முடியாது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று உதறி, முனைகளைச் சேர்த்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடக்க வேண்டும். கைகள் சந்திக்கும் இடத்தில் ஒருவர் வாங்கிக்கொள்ள, மற்றவர் குனிந்து தொங்கும் மடிப்பைப் பிடிக்க வேண்டும்.

"தலைகீழா பிடிக்கிறீங்க. தையல் உள்பக்கம் வரணும்."

அக்கா மாற்றிப் பிடித்தார். மூன்று நான்கு விரிப்புகள் மடிந்து அடுக்கில் ஏறின.

"நேத்து நான் செஞ்சது தப்பு" என்றார் அக்கா.

"நல்லதுக்குத்தானே செஞ்சீங்க."

"நல்லதுக்குச் செஞ்சாலும் தப்பு தப்புதான்."

லாண்டரியம்மா விரிப்பை அடுக்கில் வைத்து உள்ளங்கையால் தடவினார். "தாளை மடிச்சு வெச்சுக்கச் சொன்னீங்களே, அப்படித்தான்க்கா ஒவ்வொரு நாளா மடிச்சு வெச்சுட்டு இருந்தேன். மேல தெரியறத மட்டும் பாத்துட்டு. வீட்டுல முடியல, வர்றவங்க எல்லாம் எழுந்து நிக்கறாங்க, கையப் பிடிச்சுக்கறாங்க. அங்க வந்தா யாரும் பாக்க மாட்டாங்கன்னு தைரியமா வந்தேன். நீங்கல்லாம் எழுந்தீங்களா... மொத்தமா விரிஞ்சு போச்சு."

அக்கா அடுத்த விரிப்பின் முனைகளை எடுத்தார். விரிப்பை உதறினார்கள். நடந்தார்கள். கைகள் சந்தித்தன.

"நாளைக்குக் கடைசி நாள்ங்கறது தெரியுமில்ல?"

"தெரியும்." முனைகளை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார் லாண்டரியம்மா. "உள்ள வர்றது பெருசில்லக்கா. வகுப்பு முடிஞ்சு வெளிய வரணுமே. அந்தக் கம்பத்தடியில வண்டி நிக்காதே. அதத் தாண்டி எப்படி நடக்கறதுன்னுதான் தெரியல."

இத்தனை வருடமாக உள்ளே வருவதைப் பற்றித்தான் அவர் கண்ணும் கருத்துமாக யோசித்திருந்தார். வெளியே போவதைப் பற்றி அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

குனிந்து மடிப்பைப் பிடித்து நிமிர்ந்தார். "சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு கேட்டு இருக்கு. அந்தப் பக்கத்துத் தெருவுக்குப் போகும்."

"அது தொறந்து நான் பாத்ததே இல்லையே."

"நானும் பாத்ததில்ல. சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்கான்னு கேக்கணும்."

வருவேன் என்று லாண்டரியம்மா சொல்லவில்லை. வரச் சொல்லி அக்காவும் கேட்கவில்லை. கூட வேலை பார்க்கிறவள் சாப்பிட்டுவிட்டு வந்ததும் விரிப்பின் முனைகளை அவள் கையில் கொடுத்துவிட்டு அக்கா கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை மாலை வகுப்பு தொடங்கியது. தட்டில் சாவிகள் விழுந்தன. மூச்சு வாங்கும் நேரம் முடிந்தது. புத்தகங்கள் திறந்தன. பாதிப் பாடம் போய்விட்டது. தலைமையாசிரியர் ஒரு தடவை நடைவழியில் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பட்டியலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அக்கா பின்கதவைப் பார்க்காமல் பாடம் நடத்த முயன்றார். அது அவரால் ஆகவில்லை.

கதவு கிறீச்சிட்டது.

அக்கா சட்டென்று கரும்பலகைப் பக்கம் திரும்பினார். சாக்பீஸ் கையில் இருந்தது, எழுத எதுவும் வரவில்லை. ஏற்கெனவே எழுதியிருந்த தேதிக்குக் கீழே மறுபடியும் அதே தேதியை, ஒவ்வொரு எழுத்தாக, மெதுவாக எழுதினார். முதுகுக்குப் பின்னால் ஒரு தலைகூடத் திரும்பவில்லை என்பது அந்த அமைதியிலேயே தெரிந்தது. செருப்பு தேயும் சத்தம். பை வைக்கும் சத்தம். பெஞ்சு நகர்ந்தது.

"அக்கா" என்றார் லாரிக்காரர், புத்தகத்தைப் பார்த்தபடியே, "ஒரு நாளைக்கு ரெண்டு தேதியா? சம்பளமும் ரெண்டு உண்டா?"

வகுப்பு சிரித்தது. கடைசி பெஞ்சிலிருந்தும் ஒரு சிறிய சிரிப்பு, கொஞ்சம் பிந்தி வந்தது. அப்போதுதான் அக்கா திரும்பினார்.

பாடம் முடிந்ததும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. தட்டிலிருந்து அவரவர் சாவியை எடுத்துக்கொண்டு எல்லோரும் பின்கதவு வழியாகவே இறங்கினார்கள். சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, களை மண்டிய இடத்தில், பின்கேட்டு திறந்து கிடந்தது. கீல்களில் எண்ணெய் வழிந்திருந்தது.

"என் லாரிக்குக்கூட இவ்வளவு ஊத்தினதில்ல" என்றார் லாரிக்காரர். "லாரிய வேற முன்பக்கம் நிறுத்திட்டேன். ஊரைச் சுத்தி வரணும் இப்போ."

லாண்டரியம்மா நடுவில் நடந்தார். கேட்டைத் தாண்டியபோது ஒரு கணம் நின்று, பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். அந்தத் தெருவில் விளக்குக் கம்பம் இல்லை. வீடுகளின் ஜன்னல் வெளிச்சம் மட்டும் இருந்தது.

"நாளைக்கு என்னக்கா, செய்யுளா இலக்கணமா?"

"இலக்கணம்."

"அப்போ கொஞ்சம் லேட்டாதான் வருவேன்" என்றார் லாண்டரியம்மா.

"வாங்க" என்றார் அக்கா. "கதவு தொறந்துதான் இருக்கும்."