வாயில் ஊசியோடு அம்மா

தம்பி அம்மாவின் படத்தைப் பெரிதாக்கிக் கொண்டுவந்து தன் வீட்டுக் கூடத்தில் மாட்டினான். பார்த்ததும் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. ஆறட்டும் என்று காத்திருக்காமல் எழுதுகிறேன்.

படத்தில் யாரோ ஒரு அம்மாள் சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னம் வழவழவென்று இருந்தது. தோளில் மினுங்கும் துணி.

"நல்லாருக்காக்கா?"

"நல்லாத்தான் இருக்கு. யாருடா இது?"

அசல் படம் பஸ் பணிமனையில் எடுத்தது. அங்கே டிரைவராக இருந்த அப்பா இறந்தபோது நான் ஐந்தாவது படித்தேன், தம்பி தவழ்ந்துகொண்டிருந்தான். கூட்டிப் பெருக்கத்தான் அம்மாவை வேலைக்கு எடுத்தார்கள். பெருக்கிக்கொண்டே, சீட்டுக்கு உறை தைப்பவர்களின் கையைப் பார்த்துத் தொழிலைப் பிடித்துக்கொண்டாள். ரெக்சினை இழுத்துப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். அதனால் வளைந்த ஊசியைக் கடைவாயில் கவ்விக்கொள்வாள். அப்படியே திட்டவும் செய்வாள். ஊசியும் விழாது, திட்டும் குறையாது. நாளடைவில் ஊசி இல்லாதபோதும் அவள் வாய் ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு நின்றது. பணிமனையில் அவள் 'ஊசியக்கா'.

ஒருமுறை மேற்பார்வையாளர், பொடியாக உதிர்கிற பழைய ஸ்பாஞ்சின் மேலேயே புது உறை போடச் சொன்னார். "மேல பளபளன்னு இருந்தா போதும்மா. உள்ள யாரு பாக்கப்போறா?"

அம்மா சொன்னபடியே தைத்தாள். தைத்த சீட்டை அவருடைய அறைக்குத் தூக்கிப் போனாள். அவர் நாற்காலியை வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் சீட்டைப் போட்டாள்.

"உக்காருங்க சார். சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்காம உக்காந்துட்டீங்கன்னா எல்லா பஸ்ஸுக்கும் இப்படியே தைச்சுக் குடுக்கறேன்."

மத்தியானத்துக்குள் புது ஸ்பாஞ்ச் வந்து இறங்கியது. அன்றைக்குத்தான் கூட வேலை செய்த மெக்கானிக் ஒருவர் அவளைப் படம் எடுத்தார். நீலக் கோட்டு, கடைவாயில் ஊசி, எதிரில் நிற்பவரைச் சுட்டுவிடுகிற பார்வை.

ஓய்வு பெற்றும் அவள் ஓயவில்லை. பஸ் ஏறினால் முதலில் சீட்டின் தையலைக் கிள்ளிப் பார்ப்பாள். தம்பி புது சோபா வாங்கியபோது எண்பது வயதில் அதைக் கவிழ்த்துப்போட்டு, "இதைத் தைச்சவன் என் கையில சிக்கட்டும்" என்றாள். கடைசிப் படுக்கையில்கூட ஆஸ்பத்திரி மெத்தையின் ஓரம் பிரிந்திருப்பதைக் காட்டி நர்சம்மாவிடம் ஊசி நூல் கேட்டாள்.

அந்த அம்மாவை எங்கே போட்டான் இவன்?

"ஸ்டுடியோக்காரர் வாயில கோடு விழுந்திருக்குன்னு அழிச்சிட்டாருக்கா. அப்புறம் வாய் கோணலாத் தெரிஞ்சுது. நான்தான் சிரிக்க வைக்கச் சொன்னேன்."

"அவருக்கு அது கோடு. உனக்குமாடா?"

"வீட்டுக்கு வர்றவங்க பயப்பட வேணாமேன்னு பார்த்தேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டான். "என்னைப் பார்த்தும் ஒரு தடவையாவது சிரிச்ச மாதிரி இருக்கட்டும்னு."

அந்தக் கடைசி வார்த்தை என்னைத் தொட்டது. ஆனாலும் விடவில்லை.

"உன் பேத்தி அவங்களைப் பார்த்ததே இல்ல. நாளைக்கு இந்தச் சுவரைப் பார்த்துத்தான் கொள்ளுப்பாட்டி எப்படின்னு தெரிஞ்சுக்கப்போறா. உள்ள ஒண்ணு மேல ஒண்ணுன்னு ஒரு சீட்டுகூட பஸ்ஸுல ஏத்தாத மனுஷிக்கு நீ உறை போட்டுக் கொண்டாந்திருக்கே. கழட்டு."

கழற்றினான். மறுநாள் அசலை எடுத்துக்கொண்டு நானே ஸ்டுடியோவுக்குப் போனேன். அங்கே இருந்தவர் மறுபடியும், "வாயில ஏதோ..." என்று ஆரம்பித்தார்.

"அது ஊசி. அதுல கை வச்சீங்கன்னா பணம் தரமாட்டேன்."

புதுப் படத்தைத் தம்பியே மாட்டினான். கொஞ்சம் சாய்ந்திருந்தது, நிமிர்த்தினான். பின்னால் நகர்ந்து நின்று பார்த்தான்.

"முறைக்கிறாங்கக்கா."

"உன்னைத்தான்" என்றேன்.

அவன் குனிந்து அந்த சோபாவின் ஓரத்துத் தையலைக் கிள்ளிப் பார்த்தான்.