ஆறாம் கதவு வரை

மத்திகிரியில் நாங்கள் குடியிருந்தது லைன் வீடு. வரிசையாக ஆறு கதவுகள், ஒவ்வொன்றின் மேலும் நீல பெயின்டில் ஒன்று முதல் ஆறு வரை எண். ஆறைத் தாண்டினால் இரும்புக் கேட்டு, அதற்கு வெளியே டிப்பர் லாரிகள் ஓடும் சாலை. எங்களுடையது நான்காம் கதவு. கணவர் ஷிப்டுக்குப் போய்விட்டால் நானும் மகளும் அந்த ஆறு கதவுக்குள்ளேயேதான். நான்கு வருடம் அப்படிக் கிடந்தேன். எனக்குப் பைத்தியம் பிடிக்காததே ஆச்சரியம்.

கடைசியில் ஒரு வழி தெரிந்தது. ஒரு கம்பெனியில் பகல் ஷிப்ட் வேலை கிடைத்தது, பத்து நாளில் சேர வேண்டும். மகளுக்கு நாலரை வயது. பக்கத்துப் பள்ளியில் யுகேஜி பிள்ளைகளை மாலை வரை வைத்துக்கொள்வார்கள். எல்கேஜி என்றால் பன்னிரண்டு மணிக்கே வீடு. "பத்து வரைக்கும் நம்பர் அடையாளம் தெரிஞ்சா நேரா யுகேஜில போட்டுக்கறோம்" என்றார் மிஸ்.

நோட்டைத் திறந்தாலே கொட்டாவி விடுகிற பெண். அதனால் கதவுகளையே விளையாட்டாக்கினேன். ஒரு டப்பா நிறைய சோடா மூடி சேர்த்தேன். சீட்டில் எண் எழுதிக் காட்டுவேன். அவள் அந்தக் கதவுக்கு ஓடி, வாசலில் அத்தனை மூடி வைக்க வேண்டும்.

"ஏங்க்கா, கால வெச்சா மூடி குத்துது" என்று சலித்துக்கொண்டாள் மூன்றாம் வீட்டுப் பெண்.

"பத்து நாள் பொறுத்துக்க. அப்புறம் பகல்ல என் மூஞ்சிய பாக்க மாட்ட."

ஒருமுறை மகள் ஆறைத் தாண்டிக் கேட்டுக்கு வெளியே ஓடிவிட்டாள். லாரி வந்த பயத்தில் முதுகில் ஒன்று வைத்தேன். "ஆறுக்கு மேல போனா கால ஒடச்சிருவேன்" என்றேன். ஏழு முதல் பத்து வரை வீட்டுக்குள்ளேயே சீட்டில் காட்டினேன். கதவில்லாத எண்ணை அவள் சட்டை செய்யவில்லை. ஆறு வந்தால் மற்றது தானாக வரும் என்று விட்டுவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சேர்க்கப் போன அன்று பள்ளியில் மிஸ் இரண்டு எழுதிய சீட்டைக் காட்டினார். "பூனை வீடு" என்றாள் மகள். எங்கள் லைனில் இரண்டாம் வீட்டில் பூனை வளர்க்கிறார்கள்.

"மிஸ், மூடி குடுத்துப் பாருங்க" என்று டப்பாவை நீட்டினேன். இரண்டு மூடி வைத்தாள். ஐந்துக்கு ஐந்து, ஆறுக்கு ஆறு. "பரவால்லயே" என்று மிஸ் சிரித்தார். நான் மனசுக்குள் கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சீட்டே பிடித்துவிட்டேன்.

அடுத்து ஏழு. அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"இது தெரியாதா பாப்பா?"

"தெரியும். அது கேட்டுக்கு அந்தப் பக்கம்."

"அப்ப வையி."

"போனா அம்மா அடிக்கும்."

எட்டுக்கும் ஒன்பதுக்கும் அதே பதில். மிஸ் என் முகத்தைப் பார்க்காமல் எல்கேஜி என்று எழுதினார்.

கணவர், வீட்டு ஓனர், அந்தச் சாலை என்று, என்னை அடைத்துப் போட்டதாக நான் திட்டாத ஆளில்லை. அவளை அடைத்தது நான்தான். வழியெல்லாம் அழுகையும் எரிச்சலுமாக நடந்தேன்.

கேட்டைத் திறந்ததும் கையை உதறிக்கொண்டு மூடி டப்பாவோடு ஓடினாள். எங்கள் வாசலில் நான்கு மூடிகளை வரிசையாக வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நாலும்மா. சரியா?"

"சரி" என்று சொல்லிப் பூட்டைத் திறந்தேன்.